வேட்டில்லாமல் போனவர்

வேட்டுக்காரர் மருது சைக்கிளின் பின்னால் சாக்கில் சுற்றிய இரும்புக் குழாய்களோடு எங்கள் வாசலில் வந்து இறங்கினார். உள்ளே கூடத்தில் அப்பாவைச் சுற்றிப் பெண்கள் மாரடித்துக்கொண்டிருந்தார்கள். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். குழாய்களை ஒவ்வொன்றாகத் தரையில் போடும் சத்தம் கேட்டது.

நான் இன்னும் அழவில்லை. அழுகை வராமல் இல்லை. அது வருவதற்கு முன்பே வேறொரு பயம் வந்துவிட்டது.

எங்கள் பக்கத்துச் சுடுகாட்டுக்குப் போகும் பாதை ஆற்றங்கரைத் தோப்பை ஒட்டித்தான் போகிறது. தெருவும் வீடுகளும் முடிந்து வெட்டவெளி தொடங்குவது அங்கேதான். அதனால் பாடை தோப்பைத் தாண்டும்போதுதான் வேட்டுப் போடுவார்கள். அது மார்கழி மாதம். தோப்பு மரங்களில் கிளைக்குக் கிளை கூடு. கூடுகளில் இறகு முளைக்காத குஞ்சுகள்.

தோப்பு, செட்டியார் வீட்டு சாலா ஆச்சியின் சொத்து. காரைக்குடி முடிந்து மானகிரிப் பக்கம் வயல்கள் ஆரம்பிக்கிற இடத்தில், ஆற்றை ஒட்டி நாட்டுக்கருவையும் புளியும் அடர்ந்து கிடக்கும். ஐப்பசி மழைக்கு ஆற்றில் தண்ணீர் வந்ததும் நாரைகளும் கொக்குகளும் வக்காக்களும் எங்கிருந்தோ வந்து இறங்கிவிடும். பங்குனியில் ஆறு மணலாகும்போது போய்விடும். முன்பெல்லாம் துப்பாக்கியோடும் கண்ணியோடும் ஆட்கள் வருவார்கள். ஆச்சியின் வீட்டுக்காரர் காலமான பிறகு, ஆச்சி தோப்பைச் சுற்றி முள்வேலி போட்டு, அதிகாரிகளிடம் அலைந்து ஒரு பலகை வாங்கி வைத்தாள். பறவைகள் தங்குமிடம், சுடவோ வேட்டுப் போடவோ கூடாது என்று அதில் எழுதியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லூரிப் பையன்கள் நாலைந்து பேர், ஒரு தபால்காரர், மருத்துவமனை நர்ஸ் ஒருத்தி என்று வந்து வேலை செய்வார்கள். தெருவில் அவர்களுக்குக் 'கொக்குப் பட்டாளம்' என்று பெயர்.

நான் அந்தப் பட்டாளத்தில் சேர்ந்தது ஆச்சி எங்கள் வீட்டுக்கு வந்து கேட்டதால்தான். எட்டாம் வகுப்பில் என்னைச் செய்யுள் ஒப்பிக்க எழுப்பினார்கள். முழுதும் தெரியும். வாய் திறக்கவில்லை. மணி அடிக்கும்வரை நின்றேன். வகுப்பே சிரித்தது. மறுநாளிலிருந்து போகவில்லை. அதற்குப் பிறகு மூன்று வருஷமாக வீட்டுக்குள்ளேதான் இருந்தேன். யாராவது வந்தால் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

"நாச்சியா, ஒம் மக முத்தழகை ஞாயித்துக்கெழமை தோப்புக்கு அனுப்பிவையி" என்றாள் ஆச்சி.

"என்ன ஆச்சி கூலி?" என்று அம்மா கேட்டாள்.

"கூலியெல்லாம் இல்லடி. தொண்டு."

"தொண்டுன்னா சாமிக்குச் செய்வாக. கொக்குக்கா செய்வாக? வயசுக்கு வந்த புள்ள, ஆத்தங்கரையில போயி கொக்குப் பீயைக் கூட்டிக்கிட்டு இருந்தா எவன் பொண்ணு கேட்டு வருவான்?"

மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்த அப்பா அங்கிருந்தே சத்தம் கொடுத்தார். "போகட்டும் விடு. மனுசங்ககிட்டதேன் பேச மாட்டேங்குது. கொக்குகிட்டயாச்சும் பேசுதான்னு பாப்பம்."

அப்படித்தான் போனேன். அங்கே யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை. வேலை இருந்தது. பூனையும் உடும்பும் ஏறாமல் இருக்க மரத்தின் அடியில் கருவை முள்ளைச் சுற்றிக் கட்டவேண்டும். புதிதாக வைத்த கன்றுகளுக்கு ஆற்றுத் தண்ணீர் சுமக்கவேண்டும். விழுந்த குஞ்சு உயிரோடு இருந்தால், பனையோலைக் கொட்டானில் வைக்கோல் பரப்பி அதில் வைத்து, கயிற்றில் கட்டித் தாழ்ந்த கிளைக்கு இழுத்துவிட வேண்டும். சில சமயம் தாய் வந்து இரை கொடுக்கும். பல சமயம் வராது. ஞாயிறு மட்டும் போய்க்கொண்டிருந்தவள் பிறகு தினமும் போனேன். முள் கட்டுவதில் என் கைக்கு ஈடில்லை என்று நர்ஸ் அக்கா சொன்னாள். என்னைப் பற்றி ஒருவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது என்று நினைக்கிறேன்.

போன வருஷம் ஒரு கல்யாண ஊர்வலம் ஆற்றுப் பாலத்தில் நின்று வேட்டுப் போட்டது. நான் அப்போது தோப்புக்குள் இருந்தேன். ஒரே வேட்டுத்தான். மரங்கள் மொத்தமும் வெள்ளையாக எழும்பி வானத்துக்குப் போயின. எழும்பும்போது கால்கள் பட்டு முட்டைகள் சரிந்தன. குஞ்சுகள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. பழுத்த பழம் விழுகிற சத்தம். பெரிய பறவைகள் இறங்கப் பயந்து சுற்றிக்கொண்டே இருந்தன. காக்கைகளுக்குப் பயமில்லை. கூடு கூடாக இறங்கி எடுத்துக்கொண்டு போயின. நாங்கள் கூடையோடு ஓடி ஓடிப் பொறுக்கினோம். பொறுக்கியதில் அநேகமாக எல்லாமே சாயங்காலத்துக்குள் செத்துப்போயின.

பிழைத்த நாரைக்குஞ்சு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா திட்டினாள். அப்பா குனிந்து பார்த்தார். "என்னத்தா இது, மூஞ்சியவே காணோம். வெறும் வாயால்ல இருக்கு!" என்றார். மறுநாள் வயலிலிருந்து வரும்போது துண்டில் அயிரை மீன் முடிந்துகொண்டு வந்தார். அந்தக் குஞ்சு ஒரு வாரம் இருந்தது. செத்தபோது கொல்லையில் குழி தோண்டிக் கொடுத்ததும் அவர்தான்.

ஆனால் அதே அப்பாவுக்கு வேட்டு என்றால் உயிர். ஐயனார் கோயில் புரவியெடுப்புத் திருவிழாவில் முதல் வேட்டுக்கு நெருப்பு வைப்பவர் அவர்தான். காதில் பஞ்சு வைத்துக்கொள்பவர்களைப் பார்த்துச் சிரிப்பார். "நான் போற அன்னைக்குப் பிள்ளையார்பட்டி வரைக்கும் கேக்கணும்டா. நாகநாதன் போறான்னு நாலு ஊரு எந்திரிச்சுப் பாக்கணும்" என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். ஒரு தடவை இல்லை, எத்தனையோ தடவை. அம்மா அதைத்தான் அன்று மாரில் அடித்துக்கொண்டு சொல்லி அழுதுகொண்டிருந்தாள். "அதிர அதிர அனுப்புறேன்யா! ஊரு அதிர அனுப்புறேன்!"

களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். எதுவும் சொல்லவில்லை. யாரிடமும் எதுவும் சொல்லாமல் போய்விட்டாரே என்பதுதான் அம்மாவுக்குத் தாங்கவில்லை.

சாலா ஆச்சி துக்கத்துக்கு வந்தபோது நான் பின்கட்டு வரைக்கும் அவள் கூடவே போனேன். கிணற்றடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். சொல்லவேண்டியதில்லை, அவளுக்கே தெரிந்திருந்தது.

"சாவு வீட்டுல வந்து நான் எப்புடிடி சொல்லுவேன்?" என்றாள் மெதுவாக. "திருவிழாவுக்குத் தோப்புப் பக்கம் மட்டும் நிப்பாட்டச் சொன்னேன், கேட்டாக. கல்யாணத்துக்குச் சொன்னா முணுமுணுத்துக்கிட்டாச்சும் கேப்பாக. பொணத்தை எடுக்குறப்ப வேட்டுப் போடாதீகன்னு ஒரு செட்டி வீட்டுப் பொம்பளை சொல்ல முடியுமா? நீ ஒங்கண்ணங்கிட்டச் சொல்லிப் பாரு."

அண்ணன் வீரையா வாசலில் பாடை கட்டும் இடத்தில் நின்றிருந்தான். ஆம்பளைகள் நடுவில் போக எனக்குக் கால் வரவில்லை. அவன் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தபோது செம்பைக் கொடுத்துக்கொண்டே சொன்னேன்.

"அண்ணே, தோப்புக்கிட்ட மட்டும் வேட்டு வேணாம்ணே. குஞ்சு பொரிச்சிருக்கு."

அவன் செம்பை வாயிலிருந்து எடுத்து என்னைப் பார்த்தான். அழுது அழுது கண் சிவந்திருந்தது.

"என்ன சொன்ன?"

நான் செம்பை வாங்கக் கை நீட்டினேன்.

"அப்பன் செத்துக் கெடக்காரு. ஒனக்குக் கொக்குக் கவலை. ஊமைப் பொணமாத் தூக்கிட்டுப் போகச் சொல்றியா? பங்காளிக மூஞ்சியில நான் முழிக்க வேணாம்?" செம்பை என் கையில் திணித்தான். "இவ்வளவு நாளும் பேசாமத்தான இருந்த. இன்னைக்கும் பேசாம இரு."

பாடையைத் தூக்கினார்கள். சங்கு ஊதினார்கள். பெண்கள் தெருமுனை வரை போவது வழக்கம். அம்மாவை இருபுறமும் பிடித்துக்கொண்டு நடத்தினார்கள். மருது எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தார். ஒரு கையில் நெருப்புக் கயிறு. அதைச் சுழற்றிச் சுழற்றி ஊதிக்கொண்டே போனார். குழாய்களை அவருடைய ஆள் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு போனான். எல்லாவற்றிலும் மருந்து கெட்டித்து ஆயத்தமாக வைத்திருந்தார்கள்.

தெருமுனையில் பாடையை இறக்கி, மூன்று சுற்று சுற்றி, மறுபடி தூக்கினார்கள். இனி பெண்கள் திரும்பவேண்டும். ஆண்கள் மட்டும் போவார்கள். இங்கிருந்து தோப்பு, கூப்பிட்டால் கேட்கும் தூரம். மரத்தின் உச்சியில் வெள்ளை வெள்ளையாக உட்கார்ந்திருப்பது தெரிந்தது. மருது நெருப்புக் கயிற்றை மறுபடி ஊதினார்.

"வேணாம்!"

அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று நானும்தான் திரும்பிப் பார்த்தேன். பாதிக் குரல் வெளியே வந்த பிறகுதான் அது என்னுடையது என்று தெரிந்தது. கரகரவென்று, அடித் தொண்டையிலிருந்து, ஆண்பிள்ளை கத்துவதுபோல இருந்தது. இத்தனை வருஷமாகப் பூட்டிக்கிடந்த தொண்டை வேறு எப்படிக் கத்தும்?

"வேணாம்! வேட்டு வேணாம்!"

சங்கு நின்றது. தூக்கியவர்கள் நின்றார்கள். எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. அப்பாவின் தங்கை மீனாள் அத்தை என் எதிரே வந்து நின்று என் கண்ணை உற்றுப் பார்த்தாள். பிறகு அவள் கைகள் தானாகக் குவிந்தன.

"அண்ணே! அண்ணே, நீங்களா வந்திருக்கீக?"

எனக்குப் புரியவில்லை.

"இந்தப் புள்ளைக்கு வாயே கெடையாதே!" என்று அத்தை கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள். "ஊருக்கே தெரியுமே! இது எங்கண்ணன் சத்தம்டி, எங்கண்ணன் மாட்டை அதட்டுற சத்தம்! எறங்கியிருக்காக!"

யாரோ என் நெற்றியில் திருநீறு அப்பினார்கள். யாரோ என் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். என் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. எப்போதும் இத்தனை பேர் பார்த்தால் எனக்கு நடுங்கும். அவர்களுக்கு அது வேறாகத் தெரிந்தது.

"சொல்லுங்கண்ணே, என்ன வேணாம்? என்ன கொறை?"

நான் முத்தழகு என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது மருதுவின் கையைப் பார்த்தேன். கயிற்றின் நுனி சிவப்பாக இருந்தது. நான் முத்தழகு என்று சொன்னால் அண்ணன் என்னை ஓர் அறை விடுவான். பெண்கள் என்னை இழுத்துக்கொண்டு போவார்கள். பிறகு அந்தக் கயிறு குழாயின் வாய்க்குப் போகும்.

"ஆத்தங்கரையில சத்தம் போடாதீக" என்றேன். "சத்தமில்லாமக் கொண்டுபோங்க."

அண்ணன் முன்னால் வந்தான். கொஞ்ச நேரத்துக்கு முன்பு என் கையில் செம்பைத் திணித்தவன். அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அவன் முகம் குழந்தை முகம்போல ஆகிவிட்டது. "சரிப்பா" என்றான். "சரிப்பா, நீங்க சொன்னாச் சரி."

மருதுதான் தலையைச் சொறிந்தார். "மருந்தைக் கெட்டிச்சாச்சே. இனி வெளிய எடுக்க முடியாதே. இதை நான் எங்குட்டுக் கொண்டுபோயி வெடிக்கிறது?"

"ஒந்தலையில வெச்சு வெடி. குழாயில தண்ணிய ஊத்துய்யா!" என்று கூட்டத்தில் யாரோ அதட்டினார்கள்.

அப்போதுதான் அம்மா வந்தாள். பிடித்திருந்தவர்களின் கைகளை உதறிவிட்டு வந்து என் முன்னால் மண்ணில் உட்கார்ந்தாள். நான் என்னவென்று அறிவதற்குள் என் இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க. எங்கிட்ட ஒண்ணும் சொல்லாமப் போயிட்டீகளே. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. எம்மேல கோவமா? காலையில பழைய கஞ்சியக் குடுத்தேனே, அதுக்குக் கோவமா?"

என் கால்களை அவள் கண்ணீர் நனைத்தது. காலை இழுக்கவும் முடியவில்லை. கோபமில்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு என்ன உரிமை? வேட்டு வேண்டாம் என்பது என் சொல். அதற்கு அவர் பெயரை அவர்களாகப் போட்டுக்கொண்டார்கள். இது அப்படியில்லை. இதைச் சொன்னால் நானாக அவர் வாயை எடுத்துப் போட்டுக்கொண்டதாகும். கண்ணை மூடிக்கொண்டேன். விழுந்தேன்.

"மலையேறிட்டாக" என்றாள் அத்தை.

ஆண்கள் போனார்கள். சங்கு இல்லை, சேகண்டி இல்லை. நாங்கள் தெருமுனையிலேயே நின்றோம். யாரும் திரும்ப மனமில்லாமல் காது கொடுத்துக்கொண்டிருந்தோம். மற்றவர்கள் வேட்டுச் சத்தம் கேட்காததற்காக அழுதார்கள். நான் தோப்புக்கு மேலே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பறவைகூட எழும்பவில்லை. பிறகு பாதை திரும்பும் இடத்தில் பாடை மறைந்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. வந்தபோது நிற்கவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லாம் மாறிப்போயிற்று.

முதலில் நான் கவனிக்கவில்லை. கருமாதி முடிந்த அன்று அம்மா எனக்குச் சோறு போட்ட வெண்கலக் கும்பா அப்பாவுடையது. "இன்னுங் கொஞ்சம் ஊத்திக்கிறீகளா?" என்று கேட்டாள். கேட்டவள் திடுக்கிடவும் இல்லை. அண்ணன் காளையை விற்கலாமா என்று யோசித்தபோது வாசற்படியில் நின்று, "நீ என்னத்தா நெனைக்கிற? அவரு என்ன நெனைப்பாரு?" என்றான். பாதி கேலி, பாதி நிஜம். மீனாள் அத்தை வெள்ளிக்கிழமைகளில் வந்து எனக்கு எதிரே உட்கார்ந்து திருநீறு கேட்டாள். நான் எழுந்து அடுப்படிக்குப் போனால், "கோவிச்சுக்கிட்டாக" என்றாள்.

தெருவிலும் பேச்சு இரண்டாக இருந்தது. நெஞ்சு வலியில் சத்தம் ஆகாமல் போயிருக்கும், அதுதான் வேண்டாம் என்றிருக்கிறார் என்று சிலர். வீரையா வேட்டுக்குச் செலவழிக்க மனமில்லாமல் தங்கையை ஆடவைத்தான் என்று பங்காளிகள். அண்ணன் இதைக் கேட்டுவிட்டு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அம்மாதான் மோசம். நான் வாயைத் திறக்கிற போதெல்லாம் அவள் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு நிமிர்வாள். உப்பு எங்கே என்று கேட்கத்தான் திறந்திருப்பேன். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து, உப்பு என்றதும் அணைந்துபோகும். அதைப் பார்க்கச் சகிக்காமல் நான் பேச்சை இன்னும் குறைத்தேன். குறைக்கக் குறைக்க அவள் இன்னும் காத்திருந்தாள்.

ஒரு மத்தியானம் முடிவெடுத்துக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றேன். அவள் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அன்னைக்குப் பேசுனது நாந்தேன். அப்பா இல்ல. குஞ்சுக்காக நாந்தேன் கத்துனேன்."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்பா போன பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல்.

"ஒனக்கு எங்கடி அம்புட்டுச் சத்தம் இருக்கு? பள்ளிக்கொடத்துல ஒரு பாட்டுச் சொல்ல வராம நின்ன புள்ள." கொட்டையை எடுத்துத் தட்டில் போட்டாள். "எறங்குன ஆளுக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காதாம். அத்தை சொன்னா."

தை முடிந்து மாசி பிறந்திருந்தது. "அவுக கேட்டதை நான் ஒருதரம் பாக்கணும்" என்றாள் அம்மா. "எதுக்காகச் சத்தம் வேணாம்னாகன்னு பாக்கணும்." தாலி இறக்கியவள் பகலில் வெளியே போனால் எதிரே வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று, பொழுது விடிகிற நேரத்தில் கிளம்பினோம். ஆச்சி முதல் நாளே சாவியைக் கொடுத்துவிட்டிருந்தாள். வேலிக் கதவைத் திறந்தேன். அம்மா வெள்ளைச் சேலையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். மீன் கவிச்சி. தரையெல்லாம் சுண்ணாம்பு தெளித்தாற்போல எச்சம். அவள் மூக்கைப் பொத்தவில்லை. கோயிலுக்குள் வந்தவள் மாதிரி நின்றாள்.

"எந்த மரம்?"

எந்த மரம் என்று காட்டுவது? பெரிய புளியைக் காட்டினேன். குஞ்சுகள் வளர்ந்து, கூட்டின் ஓரத்தில் நின்று இறக்கையை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தன. இன்னும் நாலைந்து நாளில் பறந்துவிடும். அம்மா அண்ணாந்து பார்த்தாள். அவள் உதடு அசைந்தது. யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள்.

நான் கன்றுகளுக்குத் தண்ணீர் எடுக்க ஆற்றுப் பக்கம் திரும்பினேன். அப்போது பார்த்தேன். ஆற்றோரத்துக் கருவையில் ஓர் ஆள் பாதி உயரம் ஏறியிருந்தான். இடுப்பில் சாக்கு. நான் கட்டிய முள்ளை அரிவாளால் வெட்டித் தள்ளியிருந்தான். சாக்குக்குள் எதுவோ துடித்தது. கையை நீட்டி அடுத்த கூட்டைத் தொட்டுவிட்டான். ஆச்சி வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்வதுதான் என் வழக்கம். ஓடிப்போய் வருவதற்குள் மரம் காலியாகிவிடும்.

"வேணாம்!"

அதே சத்தம். அடித் தொண்டை, கரகரப்பு, எல்லாம் அதே.

"வேணாம்! எறங்கு! மரத்தை விட்டு எறங்கு!"

அவன் பதறிச் சறுக்கி, சாக்கைப் போட்டுவிட்டு ஆற்றில் குதித்து ஓடினான். மரங்கள் மொத்தமும் எழும்பின. என் சத்தத்துக்குத்தான் எழும்பின. புளிய மரத்திலிருந்து ஒரு குஞ்சு நிலைதவறி, இறக்கையை அடித்து அடித்துக் கீழே புதரில் வந்து விழுந்தது. கொஞ்ச நேரம் எல்லாம் வானத்தில் சுற்றின. பிறகு ஒன்றிரண்டாக இறங்கின.

திரும்பினேன். அம்மா புளிய மரத்தடியில் அசையாமல் நின்றிருந்தாள். முந்தானை தலையிலிருந்து நழுவியிருந்தது. ரொம்ப நேரம் என்னைப் பார்த்தாள். திருநீறு இல்லாத, தண்ணீர் ஊற்றாத, பாவாடையைத் தூக்கிச் செருகிய என்னை.

"அன்னைக்கும் இதே சத்தந்தேன்" என்றாள்.

அவள் ஓர் அடி முன்னால் வந்தாள்.

"அப்ப அவுக ஒண்ணுமே சொல்லலையா?"

சொன்னார் என்று சொல்லிவிடலாம். கோபமில்லை என்றார், கஞ்சி நன்றாக இருந்தது என்றார். இதை இப்போது சொன்னால்கூட அவள் நம்பிவிடுவாள். நம்பத்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"இல்லம்மா" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். மேலே பார்த்தாள். "ஒத்த வேட்டு. ஒண்ணே ஒண்ணு போட்டிருந்தாக்கூடத் தாங்காதா இதுக?"

"தாங்காதும்மா."

வேலியின் அந்தப் பக்கத்துச் சின்னத் திட்டி வாசல் வழியாக அவள் வெளியே போனாள். அது சுடுகாட்டுப் பாதை. பெண்கள் போகாத இடம். நான் வேலிவரை பின்னாலேயே போனேன். அப்பாவை எரித்த இடத்தைக் காட்ட யாரும் தேவைப்படவில்லை. மழையில் கரைந்தும் போகாத கறுப்பு ஒன்று ஆற்றோரத்தில் இருந்தது. அதன் முன்னால் போய் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் தரையில் அறைந்தாள். நெஞ்சு நிமிர்ந்தது. வாய் திறந்தது. அவள் ஓங்கி அழப்போகிறாள் என்று நான் வேலியைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் திரும்பித் தோப்பைப் பார்த்தாள். பறவைகள் அப்போதுதான் இறங்கி அமர்ந்துகொண்டிருந்தன. முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. சத்தம் வரவில்லை. நான் அருகே போகவில்லை. சாக்கை அவிழ்த்தேன். உள்ளே இரண்டு செத்திருந்தன, ஒன்று உயிரோடு இருந்தது. அதைக் கொட்டானில் வைத்தேன். புதரில் விழுந்ததைத் தேடி எடுத்தேன்.

வெயில் ஏறிய பிறகு அம்மா திரும்பி வந்தாள். முகத்தைத் துடைத்திருந்தாள். கொட்டானைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. என்னைக் கடந்து வாசல்வரை போய், அங்கே நின்று, திரும்பாமலேயே சொன்னாள்.

"கதவைப் பூட்டிட்டு வாடி."

நான் பூட்டிவிட்டு வருவதற்குள் அவள் வெகுதூரம் போயிருந்தாள். எதிரே ஆள் வந்தபோதும் அவள் ஒதுங்கவில்லை.